குருவிட்டவில் ஒரு செயலமர்வும் விடை கிடைக்காத ஒரு கேள்வியும்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையில், எஹெலியகொடவைக் கடந்த பின், இரத்தினபுரியை எட்டுவதற்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் முன்னதாக வருவது குருவிட்ட. சிவனொளிபாதமலைக்கு ஏறும் பாதைகளுள் மிக நீண்டதும் கடினமானதுமான எரத்ன பாதைக்கு இங்கிருந்துதான் திரும்ப வேண்டும். இரத்தினக்கல் தோண்டும் குழிகளும், இறப்பர் மரங்களும், இடையிடையே தேயிலையும், வருடத்தில் பாதி நாட்கள் விடாத மழையும் கொண்ட ஊர். தமிழர்கள் இங்கே தோட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கிறார்கள். நுவரெலியாவைப் போல எண்ணிக்கையில் திரண்டு நிற்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. எண்ணிக்கை இல்லாத இடத்தில் அரசியல் தலைவர்களுக்கு வேலையும் இல்லை என்பது வாசக அன்பர்கள் அறிந்ததே.

அந்த ஊரில் இரண்டு நாள் செயலமர்வு ஒன்றுக்குப் பார்வையாளனாக அழைக்கப்பட்டிருந்தேன். இலாப நோக்கற்ற வீடமைப்பு நிறுவனங்களில் பணிபுரிவோருக்கான தொழில்சார் திறன் விருத்திச் செயலமர்வு. பொருள், 'சமூகப் பங்கேற்புடனான வீடமைப்பு முகாமைத்துவம்'. நடத்திய நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அச்சம் காரணமன்று. ஒன்றின் பெயரை எழுதினால் மற்றைய நிறுவனங்கள் எல்லாம் 'நல்லவேளை, அது நாங்கள் அல்ல' என்று ஆறுதலடைந்துவிடும். அந்த ஆறுதலை வழங்க எனக்கு விருப்பமில்லை.

வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெளிக்கள உத்தியோகத்தர்கள். தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்கள் சிலரும், தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களின் செயற்குழு உறுப்பினர்கள் மூன்று நான்கு பேரும் இருந்தார்கள். ஆளுக்கொரு கோப்பு, பேனை, தண்ணீர்ப் போத்தல், கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பெயர் அட்டை. முதல் ஒரு மணி நேரம் பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து பெயர் சொல்லும் விளையாட்டில் கழிந்தது. கொழும்பிலிருந்து வந்த வளவாளர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறிமாறிப் பேசினார். தமிழில் பெயர்த்துச் சொல்ல ஓர் இளைஞர் நியமிக்கப்பட்டிருந்தார். முதல் நாள் நண்பகல் உணவுக்குப் பிறகு அவர் களைத்துப்போனார். அதன்பின் மொழிபெயர்ப்பு, தலைப்புகளோடு நின்றுவிட்டது.

இரண்டாம் நாள் காலை, பால் வெட்டும் தொழிலாளியான ஒரு பெண் எழுந்தார். சங்கத்தின் செயற்குழுவில் இருப்பவர். அன்றைய நாட்கூலியை இழந்து வந்திருப்பவர். 'உரிமையாளர் மனப்பான்மை' பற்றி வளவாளர் திரையில் காட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

"சேர், ஒன்னு கேக்கலாங்களா? வீட்ட நம்ம வீடு மாதிரி பாத்துக்கணும்னு சொல்றீங்க. ஒறுதி எப்ப குடுப்பாங்க? அந்தக் காணி யாரு பேர்ல இருக்கு?"

இளைஞர் அதை மொழிபெயர்த்தார். வளவாளர் முகம் சுளிக்கவில்லை. மிகவும் பண்பாகச் சிரித்தார். சுவரில் ஒட்டியிருந்த வெள்ளைத்தாள் ஒன்றின் அருகே சென்றார். அதன் தலைப்பு 'வாகனத் தரிப்பிடம்'. இத்தகைய செயலமர்வுகளில் இது ஒரு வழமையான உத்தி. நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி எழுந்தால் அதைத் தரிப்பிடத்தில் நிறுத்திவைப்பார்கள். இறுதியில் நேரமிருந்தால் எடுத்துக்கொள்வார்கள். மஞ்சள் நிறச் சிறு தாளொன்றில் ஆங்கிலத்தில் 'உறுதி' என்பதற்கான சொல்லை எழுதி அங்கே ஒட்டினார். மாலையில் சான்றிதழ் வழங்கும் வைபவம் முன்னதாகவே தொடங்கியதால் தரிப்பிடத்துக்கு நேரம் கிடைக்கவில்லை.

நாற்பது ஆண்டுகளாகச் செய்தித்தாளில் உழைத்தவன் நான். எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ கேள்விகள் அதட்டி அடக்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன். தோட்டத்துரையின் முன்னால் வாய் திறந்தவரின் பெயர் மறுநாள் வேலைப் பட்டியலில் இல்லாமற்போன காலத்தையும் கண்டிருக்கிறேன். கேள்வியை இவ்வளவு மரியாதையாகப் புதைப்பதை அன்றுதான் நேரில் கண்டேன்.

இலண்டனிலும் தொரன்ரோவிலும் சென்னையிலும் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். மலையகத் தோட்டங்களின் காணி தோட்ட மக்களுடையதும் அல்ல, கம்பனிகளுடையதும் அல்ல. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் முகாமை தனியார் கைக்குச் சென்றது. பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் 53 ஆண்டுக் குத்தகையில், அதாவது 2045 வரை, அந்தக் காணிகளை வைத்திருக்கின்றன. லயக் காம்பராக்கள் அந்தக் குத்தகைக்குள் இருக்கின்றன. ஆறு தலைமுறை அந்தக் காம்பராவில் பிறந்து இறந்திருக்கலாம். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அது குத்தகைதாரரின் முகாமைக்கு உட்பட்ட கட்டடம்.

தனியார்மயத்தோடு 1992 இலேயே உருவானது, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என அழைக்கப்படும் அமைப்பு. தோட்டத்து மக்கள் சுருக்கமாக 'ட்ரஸ்ட்' என்பார்கள். அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் அமர்ந்த, இலாப நோக்கற்ற நிறுவனம். கூரை மாற்றல், இரட்டை வீடுகள், தனி வீடுகள், கழிப்பறைகள், பிள்ளைக் காம்பராக்கள், குடிநீர் எனப் பல வேலைகளை அது செய்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அரசாங்கத்தின் உள்ளூராட்சி அமைப்பே தோட்டத்துக்குள் காலடி வைக்காதிருந்த காலம் அது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டங்களைச் சபைகளின் சேவைக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. வரி செலுத்தும் நாட்டின் குடிமக்களுக்கு வீதிவிளக்குப் போடவும் ஓர் இலாப நோக்கற்ற நிறுவனத்தை நாட வேண்டியிருந்த விசித்திரம் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

வீடமைப்புக்கென்று தோட்டந்தோறும் ஏற்படுத்தப்பட்டவை தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள். பெயரைக் கேட்டால் தொழிலாளர் ஒன்றுகூடித் தாமே நிறுவிய சங்கம் என்று தோன்றும். அந்தச் சங்கத்தின் தலைவர் யார்? தோட்ட முகாமையாளர். தொழிலாளி உறுப்பினர், அவருக்கு வேலை கொடுப்பவர் தலைவர், கடன் தவணை பிடிக்கப்படுவது அதே தலைவர் ஒப்பமிடும் சம்பளப் பட்டியலில். கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை வாசித்தவர்கள் இந்த ஏற்பாட்டைக் கேட்டால் முதலில் நம்பமாட்டார்கள். மில் முதலாளியைத் தலைவராகக் கொண்ட நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

இந்தச் சங்கங்களின் உறுப்பினர்களையும், இவற்றோடு வேலை செய்யும் உத்தியோகத்தர்களையும் அழைத்து வந்துதான் 'பங்கேற்பு' கற்பிக்கிறார்கள். யாருக்கு? ஒரு பேர்ச்சஸ் காணியையேனும் ஒதுக்க அதிகாரமில்லாத உத்தியோகத்தருக்கும், சங்கத் தலைவரைத் தெரிவு செய்ய உரிமையில்லாத உறுப்பினருக்கும். அதிகாரம் உள்ளவர்கள் எவரும் அந்த மண்டபத்தில் இல்லை. குத்தகைக் கம்பனியின் பணிப்பாளர் இல்லை. காணிக்கு உரித்தான அரச நிறுவனத்தின் அதிகாரி இல்லை. பிரதேச செயலாளர் முதல் நாள் விளக்கேற்றிவிட்டுச் சென்றுவிட்டார். நீந்தத் தெரியாதவனுக்கு நீச்சல் கற்பிப்பது நல்ல காரியம். குளத்தைப் பூட்டித் திறப்பைக் கம்பனி வைத்திருக்கையில், கரையில் படுக்கவைத்துக் கை காலை ஆட்டச் சொல்வது எந்த வகைக் கல்வி?

இலங்கையில் இதற்கு நேர்மாறான ஓர் அனுபவம் இருந்தது. அது வெளிநாட்டிலிருந்து வந்ததன்று, கொழும்பில் பிறந்தது. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின்போது, தேசிய வீடமைப்பு அதிகாரசபை கொழும்பின் குடிசைப் பகுதிகளில் 'சமூகச் செயற்றிட்டச் செயலமர்வு' என ஒன்றை நடத்தியது. பிரேமதாசவின் அரசியலைப் பற்றி எனக்குப் பல விமர்சனங்கள் உண்டு. ஆனால் அந்தச் செயலமர்வைப் பற்றி எழுதும்போது கை தயங்குவதில்லை. அதுவும் இரண்டு நாள்தான். அது நடந்தது குடிசைகளுக்கு நடுவே. உத்தியோகத்தர்கள் அங்கே சென்றார்கள். குடியிருப்பாளர்கள் அவர்களிடம் செல்லவில்லை. எங்கே பாதை, எங்கே கிணறு, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நிலம், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பவற்றை அங்கே குடியிருந்தோரே பேசித் தீர்மானித்தார்கள். நாட்டின் பொதுக் கட்டட விதிகளுக்குப் பதிலாக அந்தக் குடியிருப்புக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. நவகம்புரவில் ஒரு குடும்பத்துக்கு 2 பேர்ச்சஸ், ஏறத்தாழ 50 சதுர மீற்றர், சிறிய துண்டுதான். ஆனால் எல்லைக் கற்களை நட்டபோது நிலத்துக்குரியவர்கள் அங்கே நின்றார்கள். வனாத்தமுல்லையில் கிணறு ஒன்றைக் கட்டும் வேலையை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் அங்கே வாழ்ந்த மக்களின் அமைப்புக்கே கொடுத்தார்கள். சமூக ஒப்பந்த முறை என்று பின்னாளில் பல நாடுகள் பின்பற்றிய வழக்கத்தின் தொடக்கம் அது.

அங்கே செயலமர்வின் முடிவில் ஒரு தீர்மானம் இருந்தது, அதை நிறைவேற்றும் பணமும் இருந்தது. குருவிட்டவில் சான்றிதழ் இருந்தது.

'கொழும்புக் குடிசைவாசிகள் வாக்காளர்கள், அதனால் கிடைத்தது' என்பார்கள் சிலர். உண்மை. அதே 1980களில் தோட்ட மக்களில் பெரும் பகுதியினர் நாடற்றவர்களாக இருந்தார்கள். 1948 இல் பறிபோன குடியுரிமையின் கடைசி எச்சத்தைத் தீர்க்க 2003 வரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. ஆனால் 2003 கடந்தும் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டன. இன்று அவர்கள் வாக்காளர்கள். இன்னும் எதற்காகக் காத்திருக்கிறோம்?

இலண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர், அங்கே சமூக வீடமைப்புச் சங்கமொன்றில் பணிபுரிபவர், தொலைபேசியில் என்னோடு வாதாடினார். "பயிற்சியைக் கேலி செய்யாதீர்கள். இங்கே பயிற்சியையே சட்டமாக்கியிருக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது சரி. 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக வந்த 2023 ஆம் ஆண்டின் சமூக வீடமைப்பு ஒழுங்குபடுத்தல் சட்டம், வீடமைப்பு முகாமையில் உயர்நிலையில் இருப்போர் முறையான தகைமை பெற்றிருக்க வேண்டும் என்ற நிலையைக் கொண்டுவந்தது. ஆனால் நண்பர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்தக் கோபுரத்தை நிர்வகித்த நிறுவனத்தின் பெயரிலேயே 'வாடகைக் குடியிருப்பாளர் முகாமை' என்பது இருந்தது. அதன் பணிப்பாளர் சபையில் குடியிருப்பாளர்களும் அமர்ந்திருந்தார்கள். தீ ஆபத்தைப் பற்றிக் கோபுரவாசிகள் எழுதி எழுதி எச்சரித்தும் இருந்தார்கள். பெயரில் பங்கேற்பு இருந்தது, செவியில் இல்லை. எனவேதான் அந்த நாட்டுச் சட்டம் தகைமையை மட்டும் கேட்டு நிற்கவில்லை; குடியிருப்பாளரின் முறைப்பாட்டுக்கு நிறுவனம் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தையும் ஒழுங்குபடுத்தும் அமைப்பின் தண்டிக்கும் அதிகாரத்தையும் சேர்த்தே பலப்படுத்தியது. நமது செயலமர்வுக்காரர்கள் அந்தச் சட்டத்தின் முதற்பாதியை மட்டும் இறக்குமதி செய்ய விரும்புகிறார்கள்.

இந்த மலைகளில் பயிற்சி மட்டும் கொடுத்து இடம் கொடுக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு நமக்கே அத்தாட்சி உண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது என அரசே பின்னர் சொன்னது. 'எச்சரித்தோம், மக்கள் போகவில்லை' என்று அப்போது பேசியவர்களை நான் மறக்கவில்லை. எங்கே போவது? காணி கம்பனியின் குத்தகையில். அடுத்த லயமும் அதே மலையில். தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. 2016 மே 17 அன்று நமது சப்ரகமுவ மாகாணத்திலேயே, கேகாலை மாவட்டம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில், மீண்டும் ஒரு லயம் மண்ணுக்குள் போனது. அதே நாள் அரநாயக்கவில் கிராமங்களே புதைந்ததால் களுபஹன செய்திகளின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைச்சரிவுகளில் வாழ்வோர் மறுபடியும் பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஒதுங்கினார்கள். அனர்த்த முகாமைத்துவச் செயலமர்வில் பங்குபற்றிய சான்றிதழ் சட்டகமிட்டுத் தொங்கும் லயக் காம்பராவை நானே பார்த்திருக்கிறேன். அதன் பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வெடிப்பை எப்படி அளப்பது என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும், கற்பித்திருக்கிறார்கள். அளந்து யாரிடம் சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

சப்ரகமுவவின் தோட்ட மக்களைப் பற்றித் தனியாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையகம் என்றால் நுவரெலியா, ஹற்றன், பதுளை என்று எண்ணிப் பழகிவிட்டோம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கென முதலில் ஒதுக்கப்பட்ட 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்கே போயின. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்த பின்னரே இரத்தினபுரி, கேகாலை போன்ற மாவட்டங்களின் பெயர் பட்டியலில் ஏறியது. இந்தப் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிராந்தியக் கம்பனிகளின் தோட்டங்களை விட்டால் தனியார் சிறு தோட்டங்கள் பல. அங்கே வேலை செய்யும் குடும்பங்கள் ட்ரஸ்டின் கணக்கிலும் வராதவர்கள். செயலமர்வுக்கும் அவர்களை யாரும் அழைப்பதில்லை.

இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் 1977 இலும் 1981 ஓகஸ்டிலும் தாக்கப்பட்டு, லயங்கள் எரிக்கப்பட்டபோது ஓடியவர்களில் பலர் வவுனியாவில் காந்தியம் அமைப்பு உருவாக்கிய குடியேற்றங்களில் தஞ்சமடைந்தார்கள். காந்தியத்தை நடத்தியவர்களில் ஒருவரான எஸ்.ஏ.டேவிட் தொழிலால் கட்டடக் கலைஞர்; மற்றவரான இராஜசுந்தரம் மருத்துவர், 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர். அவர்களது அரசியல் பற்றிப் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் இலாப நோக்கற்ற வீடமைப்புப் பணி என்ற சொற்றொடருக்கு நமது மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரியேனும் அந்த இரண்டு நாளில் திரையில் வரவில்லை. 1865 இல் இலண்டனில் ஒக்டேவியா ஹில் ஏழைகளின் வீடுகளை நிர்வகிக்கத் தொடங்கிய கதை மட்டும் வந்தது. நல்ல கதைதான்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் திரித்துவிட வேண்டாம். வேண்டிய பயிற்சி எவ்வளவோ இருக்கிறது. 2015 முதல் பேசப்பட்டு வந்தது ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் 550 சதுர அடி வீடும். பின்னர் 10 பேர்ச்சஸ் என்றும் பேச்சு எழுந்தது. 7 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி என்பதும், நிலஅளவைப் படத்தில் தனது துண்டின் எல்லை எங்கே ஓடுகிறது என்பதும் எத்தனை குடும்பங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றன? காணி உறுதிக்கும், அனுமதிப்பத்திரத்துக்கும், படம் பிடித்துக் கையளிக்கும் வைபவத்தில் தரும் அட்டைக்கும் உள்ள வேறுபாட்டை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சங்கத்தின் கணக்கை வாசிப்பது எப்படி, கடனில் மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்பது எப்படி, சீமெந்தும் மணலும் எந்த அளவில் கலக்கப்படுகின்றன என்று ஒப்பந்தக்காரரை மறித்துக் கேட்பது எப்படி? வெட்டிய சரிவின் மேல் வீடு கட்டினால் மழைநீரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், தாங்குசுவரில் நீர் வடியும் துளைகள் ஏன் வேண்டும் என்பதை, வருடத்தில் பாதி மழை பெய்யும் குருவிட்டவில் ஒரு மேசன் அறியாவிட்டால் வேறு எங்கே அறிவது? கேரளத்தின் கொல்லத்தில் 1980களின் நடுப்பகுதியில், வெள்ளம் வீடுகளை அழித்த பின், நிர்மிதி கேந்திரம் என்ற அமைப்பு உருவாகியது. கொத்தனார்களுக்கும் தொழிலாளர்களுக்கும் செலவு குறைந்த கட்டுமானத்தைக் கையால் செய்யக் கற்றுக்கொடுத்தது. பயிற்சி முடிந்தபோது அங்கே ஒரு கட்டடம் நின்றது. அந்த வகைப் பயிற்சிக்கு நானே கரண்டி தூக்கி வருவேன்.

நான் வேதனைப்படுவது அந்த வெளிக்கள உத்தியோகத்தர்களை எண்ணியும்தான். தேநீர் இடைவேளையில் ஓர் இளைஞர் என்னருகே வந்தார். லயத்தில் பிறந்து, இரத்தினபுரியில் படித்து, ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்பவர். செயற்றிட்டம் முடிந்தால் அவரது வேலையும் முடியும். "ஐயா, இது எனக்கு ஆறாவது வர்க்‌ஷொப். பந்து எறியிறதுல நான் இப்ப எக்ஸ்பேர்ட்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தோட்டத்துக்குப் போனா எல்லாரும் ஒறுதியத்தான் கேக்குறாங்க. எங்க ஒபிஸ்ல கேட்டா, அது நம்ம வேலையில்ல, நீ மோட்டிவேட் பண்ணுன்னு சொல்றாங்க. எதச் சொல்லி மோட்டிவேட் பண்றது?" என்றார். அவர் திறனற்றவர் அல்லர். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பிரச்சினையை மிகத் தெளிவாக அறிந்தவர் அவர்தான். அவரிடம் இல்லாத திறன் எதுவோ அதை வளர்க்கப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவரிடம் இல்லாத அதிகாரத்துக்கு ஒதுக்கீடு எதுவுமில்லை.

நிதி வழங்குவோரின் அறிக்கையில் 'பயிற்றப்பட்டோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்புவது எளிது. கையொப்பப் பட்டியல் போதும். 'உறுதி வழங்கப்பட்ட குடும்பங்கள்' என்ற கட்டத்தை நிரப்பக் கம்பனியின் சம்மதம் வேண்டும், காணிக்குரிய அரச நிறுவனத்தின் விடுவிப்பு வேண்டும், கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண் அறிக்கை வேண்டும், நிலஅளவையாளர் வேண்டும், இவர்கள் அனைவரையும் துரத்திப் பிடிக்க ஆண்டுகள் வேண்டும். நாட்கூலியை 1,000 ரூபாவாக்க 2021 வரையும், 1,350 ரூபாவாக்க 2024 செப்டெம்பர் வரையும் கம்பனிகளோடு எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்கள், காணி விடயத்தில் அவர்கள் தாமாக இறங்கி வருவார்கள் என எதிர்பார்க்கமாட்டார்கள். தோட்டப் பிரதேசங்களுக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் 2018 இல் நிறைவேறியது. காணியை விடுவிக்கும் சிக்கலை அவிழ்க்கச் சட்டபூர்வமான ஓர் அமைப்பு அதனால் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை அந்த நாற்பது பேரின் கையில் கொடுத்துப் பிரிவு பிரிவாக வாசித்திருந்தால் இரண்டு நாள் போதாமற் போயிருக்கும். எவருக்கும் தூக்கமும் வந்திருக்காது.

இடையில் ஒன்று. குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்ப லென என்ற குகை இருக்கிறது. 30,000 ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர் அங்கே வாழ்ந்தமைக்கான எலும்புகளும் கற்கருவிகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. செயலமர்வின் முதல் நாள் மாலை பங்குபற்றுநர்களை அங்கே சுற்றுலா அழைத்துச் செல்வதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. மழையால் அது நடக்கவில்லை. நடந்திருந்தால் வீடமைப்பு வரலாற்றில் ஏதேனும் ஒன்றையாவது நேரில் பார்த்திருப்பார்கள்.

அடுத்த செயலமர்வுக்கான திட்டம் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருப்பதாக அறிகிறேன். நடத்துவோருக்குச் சில வார்த்தைகள். மண்டபத்தை விட்டுத் தோட்டத்துக்கு வாருங்கள். பிள்ளைக் காம்பராவிலோ கோயில் முற்றத்திலோ பாய் விரித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், எவரும் நாட்கூலியை இழக்க வேண்டியதில்லை. தமிழில் நடத்துங்கள், சிங்களத்துக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்துங்கள், களைப்பு அந்தப் பக்கம் வரட்டும். முகாமையாளரையும், கம்பனியின் காணிப் பொறுப்பாளரையும், பிரதேச செயலாளரையும் கடைசி வரை அமர வையுங்கள். பந்து எறியும் விளையாட்டில் அவர்களும் கலந்துகொள்ளட்டும். சங்கத்தின் துணைவிதிகளை எடுத்து, தலைவரை உறுப்பினர்களே தெரிவு செய்யும்படி திருத்துவது எப்படி என்பதை முதல் அமர்வாக்குங்கள். இரண்டாம் அமர்வில், கடன் கட்டி முடித்த ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் வாசித்து, அதன் உறுதி எந்த அலுவலகத்தின் எந்த மேசையில் கிடக்கிறது என்று அந்த அதிகாரியே எழுந்து சொல்லட்டும்.

மண்டபத்தை விட்டு நான் கிளம்பியபோது பணியாளர்கள் சுவரிலிருந்த தாள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தரிப்பிடத் தாளில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டு கழன்று கீழே விழுந்திருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் அதற்குள் தோட்டத்து லொறியைப் பிடிக்க ஓடிவிட்டிருந்தார். மறுநாள் விடியுமுன் பால் வெட்டப் போக வேண்டும்.